கடையநல்லூர்த் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு நடுவர் மன்றம்

என் தொழில் இன்னதென்று வீட்டாருக்கு விளக்க நான் எடுத்த முயற்சிகள் பெரும்பாலும் காவிரியில் போய்த்தான் முடிந்திருக்கின்றன. நடுவர் மன்றத்தில் வாதாடுகிறேன் என்று சொன்னால், சங்கரன்கோவிலில் இருக்கும் என் பெரியப்பா, "இந்த வருசமாவது கர்நாடகாக்காரன் தண்ணி விடுவானாம்மா?" என்று கேட்பார். நடுவர் என்ற சொல் அம்மாவுக்கு நினைவூட்டுவது பொங்கலன்று தொலைக்காட்சியில் வரும் பட்டிமன்றத்தை. மத்தியஸ்தம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது பங்காளிச் சண்டையைத் திண்ணையில் உட்கார்ந்து தீர்த்துவைக்கும் பெரிய மனிதரின் வேலை என்று புரிந்துகொள்ளப்பட்டதோடு, சட்டப்படியும் அந்தச் சொல் தவறானது. மத்தியஸ்தர் இரு தரப்பையும் பேசி இணங்க வைப்பவர். இணக்கம் வராவிட்டால் எழுந்து போய்விடலாம். ஆர்பிட்ரேட்டர் எனப்படும் நடுவர் தீர்ப்புச் சொல்பவர். அவர் சொன்னது பிடிக்கவில்லை என்று யாரும் எழுந்து போக முடியாது.

வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள், தங்களுக்குள் தகராறு வந்தால் உன் நாட்டு நீதிமன்றமும் வேண்டாம், என் நாட்டு நீதிமன்றமும் வேண்டாம், நாம் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் கேட்டுச் சொல்லட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றன. அந்த மூவர் தரும் தீர்ப்பை, 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய், அந்நாட்டு நீதிமன்றத்தின் துணையோடு பணமாக வசூலிக்கலாம். ஆர்பிட்ரேஷன் எனப்படும் இந்த வேலையைச் சென்னையில் நான்கு ஆண்டுகளும் அதன் பிறகு சிங்கப்பூரிலுமாகச் செய்துவருகிறேன். நான் நடத்திய வழக்குகளைப் பற்றி எழுதும்போது இடம், பொருள், தரப்புகள் ஆகியவற்றை மாற்றியே எழுத வேண்டியிருக்கிறது. இரகசியம் காப்பது இத்துறையில் கடமை. இந்தியச் சட்டத்தில் அது 42ஏ என்ற பிரிவாக 2019-இல்தான் ஏறியது என்றாலும், சிங்கப்பூரில் அது வெகுகாலமாக வழக்கில் இருப்பது.

2009-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது ஆர்பிட்ரேஷன் எனக்குத் தேர்வில் வரக்கூடிய ஐந்து மதிப்பெண் கேள்வி, அவ்வளவுதான். வியன்னாவில் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தைய நாட்களில் விஸ் மூட் என்ற மாதிரி ஆர்பிட்ரேஷன் போட்டி நடக்கிறது. உலகெங்கிலுமிருந்து சட்ட மாணவர்கள் வந்து, கற்பனையான ஒரு வணிகத் தகராறில் கற்பனையான நடுவர்கள் முன் வாதாடுகிறார்கள். இத்துறையில் என் வயதொத்தவர்களில் பலர் அந்தப் போட்டியில் கிடைத்த அறிமுகங்களின் வழியாக வந்தவர்கள். அரசு சட்டக் கல்லூரியில் படித்த எனக்கு அப்படி ஒன்று இருப்பதே சிங்கப்பூர் போன பிறகுதான் தெரியவந்தது. எனக்குத் திறந்த கதவு தம்பு செட்டித் தெருவில், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது.

என் சீனியர் நடத்தியவை பெரும்பாலும் சாலை, பாலம், ரயில்வே ஒப்பந்ததாரர்களின் வழக்குகள். ஆர்பிட்ரேஷன் அமர்வுகள் மாலை ஐந்து மணிக்கு மேல், உயர் நீதிமன்ற வேலை முடிந்த பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் வீட்டு முன்னறையிலோ ஓட்டல் அறையிலோ கூடும். முதல் அரை மணி நேரம் காபியில் போகும். சாட்சியிடம் இருபது கேள்விகள் கேட்கப்படும். பிறகு எல்லோரும் டைரியைப் பிரித்து அடுத்த தேதியைத் தேடுவார்கள். கோடை விடுமுறை, நவராத்திரி, நடுவரின் வெளியூர்ப் பயணம் எல்லாம் போக, ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை கிடைக்கும். நான் சேர்ந்தபோது ஆறாவது ஆண்டில் இருந்த ஒரு வழக்கு, நான் விலகியபோதும் முடிந்திருக்கவில்லை. அதோடு, அந்நாளில் தோற்றவர் இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டாலே போதும், தீர்ப்பு தானாக நின்றுவிடும். ஆகவே தோற்றவர் எவரும் மனுப் போடாமல் இருந்ததில்லை. 2015-இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தானியங்கித் தடையை நீக்கினார்கள்.

அந்த 34-ஆம் பிரிவு மனுக்கள்தாம் என் பள்ளிக்கூடம். தீர்ப்பின் கையொப்பமிட்ட பிரதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. ஒரு முறை பிப்ரவரி 10 அன்று பிரதி கிடைத்த ஒரு வழக்குக்கு, மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள் என்று விரல் விட்டு எண்ணி, கடைசி நாள் மே 11 என்று டைரியில் எழுதிவைத்தேன். எங்கள் குமாஸ்தா, முப்பது ஆண்டுகளாக மனுக்களுக்கு எண் வாங்கியே பழகியவர், அந்தப் பக்கத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "மேடம், நடுவுல பிப்ரவரி வருதே" என்றார். 28 நாள் மாதம் குறுக்கே வந்தால் மூன்று மாதம் என்பது 89 நாள். கெடு மே 10. மாதம் என்றால் மாதமே, தொண்ணூறு நாள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருந்ததை நான் படித்திருந்தேன், படித்துவிட்டுத்தான் எண்ணினேன் என்பது வேறு கதை.

சீனியர் திட்டவில்லை. டெக்கோ திருச்சி இன்ஜினியர்ஸ் வழக்கின் தீர்ப்பைக் கையில் கொடுத்து, படித்துவிட்டு வரச் சொன்னார். திருச்சி ஒப்பந்ததாரர் ஒருவருக்கும் தெற்கு ரயில்வேக்கும் இடையிலான அந்த வழக்கில், தீர்ப்பின் பிரதி பொது மேலாளர் அலுவலகத்தின் தபால் பிரிவில் பெறப்பட்ட நாளிலிருந்து கெடுவை எண்ணுவதா, வழக்கைக் கவனித்துவந்த தலைமைப் பொறியாளரின் மேசைக்கு அது வந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதே கேள்வி. மேசைக்கு வந்த நாள்தான் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு தபால் உறை ஒரு கட்டடத்துக்குள் எங்கெங்கே எந்தெந்த நாளில் இருந்தது என்று அறிய தில்லி வரை போயிருக்கிறார்கள். நாவன்மைதான் இத்தொழிலின் மூலதனம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, தாளும் தேதியும் முன்னே வந்து நின்றன.

2012 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் பால்கோ என்ற அலுமினிய நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளாக, லண்டனிலோ சிங்கப்பூரிலோ நடந்த ஆர்பிட்ரேஷனில்கூட இந்திய நீதிமன்றங்கள் தலையிட 2002-ஆம் ஆண்டின் பாட்டியா தீர்ப்பு வழிவிட்டிருந்தது. பால்கோவில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த வழியை அடைத்தது. ஆனால் அந்த அடைப்பு தீர்ப்பு நாளுக்குப் பின் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும் அதே தீர்ப்பு சொன்னதால், அதன் பிறகு பல ஆண்டுகள் எந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தாலும் நாங்கள் முதலில் பார்த்தது கையெழுத்துத் தேதியைத்தான். வெளிநாட்டு ஒப்பந்தங்களில் சிங்கப்பூரின் பெயர் அடிக்கடி தென்படத் தொடங்கியிருந்த காலம் அது. சேமிப்பும் கல்விக் கடனும் சேர்த்து, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குப் போனேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

சிங்கப்பூரில் நான் வெளிநாட்டு வழக்கறிஞர், ஆர்பிட்ரேஷனில் வாதாடலாம். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1988-இல் டர்னர் வழக்கில், சிங்கப்பூரில் நடந்த ஆர்பிட்ரேஷன் ஒன்றில் நியூயார்க் வழக்கறிஞர்கள் வாதாடக் கூடாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடுத்தது. இப்படி இருந்தால் வெளிநாட்டுக்காரன் எவன் இங்கே வருவான் என்று விழித்துக்கொண்டு, 1992-இலும் பிறகு 2004-இலும் சட்டத்தைத் திருத்தித் தடையை முழுவதும் விலக்கினார்கள். இதே கேள்வி இந்தியாவில் எழுந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்: ஏ.கே. பாலாஜி வழக்கு. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் தற்காலிகமாக வந்து ஆலோசனை சொல்வதையும் பன்னாட்டு ஆர்பிட்ரேஷனில் பங்கேற்பதையும் சென்னை 2012-இல் அனுமதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சில வரம்புகளோடு அதைப் பெரும்பாலும் ஏற்றது. இரண்டு நாடுகளுக்கும் இடையே இந்த விஷயத்தில் உள்ள தூரத்தை ஆண்டுக் கணக்கிலேயே பார்க்கலாம்.

மேக்ஸ்வெல் சாலையில் பழைய சுங்கத்துறைக் கட்டடத்தைப் புதுப்பித்து 2010-இல் திறந்த மேக்ஸ்வெல் சேம்பர்ஸ்தான் இங்கே விசாரணைகள் நடக்கும் முதன்மையான இடம். முதல் நாள் போன எனக்குக் கட்டடத்தைவிட வியப்பளித்தது மதிய உணவுக்குப் போன இடம். நான்கு நிமிட நடையில் இருக்கும் மேக்ஸ்வெல் உணவு நிலையத்தின் முகவரி, கடையநல்லூர்த் தெரு, எண் 1. எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் இருக்கும் கடையநல்லூரேதான். அங்கிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊரில் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தெருப் பலகையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். காவிரியில் தொடங்கிய குழப்பத்தில், மகள் கடையநல்லூரில்தான் வேலை பார்க்கிறாளோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

வேலை முறை முற்றிலும் வேறு. ஆறு வாரத்துக்கு ஒரு வியாழன் என்பதெல்லாம் கிடையாது. ஓராண்டுக்கு மேல் எழுத்தில் வாதாடிவிட்டு, பிறகு ஒன்றோ இரண்டோ வாரம் காலை முதல் மாலை வரை தொடர்ந்து விசாரணை. சாட்சியின் முதல் விசாரணை முழுவதும் எழுத்து வாக்குமூலமாக முன்கூட்டியே தரப்பட்டுவிடுவதால், நேரில் நடப்பது பெரும்பாலும் குறுக்கு விசாரணைதான். அதற்கும் சதுரங்கக் கடிகார முறை: ஒவ்வொரு தரப்புக்கும் இத்தனை மணி என்று சரிபாதி ஒதுக்கிவிடுவார்கள், யார் பேசுகிறாரோ அவருடைய கடிகாரம் ஓடும். நீட்டி முழக்கினால் இழப்பு உங்களுக்கே. சென்னையில் நல்ல வாதம் என்று நான் கற்றிருந்த பலவற்றை இந்தக் கடிகாரம் ஒரே வாரத்தில் மறக்கடித்துவிட்டது.

முதல் மூன்று ஆண்டுகள் நான் வாயே திறக்கவில்லை. எனக்குத் தரப்பட்டது நாள்வரிசை தயாரிக்கும் வேலை. கட்சிக்காரர் அனுப்பும் பல்லாயிரம் மின்னஞ்சல்கள், கடிதங்கள், தளக் குறிப்பேடுகள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைப் படித்து, எந்த நாளில் யார் யாருக்கு என்ன சொன்னார் என்று ஒரே அட்டவணையாக்க வேண்டும். அதன் பிறகு ரெட்ஃபெர்ன் அட்டவணை: ஆலன் ரெட்ஃபெர்ன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரின் பெயரைத் தாங்கிய நான்கு பத்தி அட்டவணை. எதிர்த்தரப்பிடம் உள்ள எந்த ஆவணம் வேண்டும், அது ஏன் வழக்குக்கு முக்கியம், எதிர்த்தரப்பின் மறுப்பு என்ன, நடுவர் மன்றத்தின் முடிவு என்ன என்று பக்கம் பக்கமாகப் போகும். இத்தனையையும் ஆறு நிமிடத்தை ஓர் அலகாக வைத்து, இன்ன கட்சிக்காரருக்கு இத்தனை அலகு என்று நாள்தோறும் கணக்கு எழுத வேண்டும். அட்டவணையில் அமிழ்ந்துபோய் அந்த நேரக் கணக்கை எழுத மறந்து, வெள்ளி இரவில் ஐந்து நாளையும் நினைவுபடுத்தி எழுதியவர்கள் எல்லோரும் இத்துறையில் எனக்கு உறவினர்கள்.

அந்த நாள்வரிசை என்ன செய்யும் என்பதை ஒரு வழக்கில் கண்ணெதிரே பார்த்தேன்.

மின்நிலையக் கட்டுமானத்தில் ஒரு துணை ஒப்பந்தம். நாங்கள் முதன்மை ஒப்பந்ததாரரின் தரப்பு. துணை ஒப்பந்ததாரர் எட்டு மாதம் தாமதித்தார் என்பது எங்கள் குற்றச்சாட்டு. கால நீட்டிப்புக்குத் தளத்தில் வாய்மொழியாக ஒப்புதல் கிடைத்திருந்தது என்பது அவர்களுடைய பதில். ஒப்புதல் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட எங்கள் தள மேலாளரும் தமிழர். கேட்டு வாங்கியதாகச் சொன்ன அவர்களுடைய மேற்பார்வையாளரும் தமிழர், புதுக்கோட்டைப் பக்கம். அவர் தமிழில் சாட்சி சொல்ல, சிங்கப்பூரைச் சேர்ந்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் தர, ஒவ்வொரு சொல்லும் சுருக்கெழுத்தரின் விரலிலிருந்து அந்தக் கணமே எங்கள் திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர்களில் ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் ஆஸ்திரேலியர், தலைவர் சுவிட்சர்லாந்துக்காரர். அறையில் தமிழ் தெரிந்தவர்கள் சாட்சி, மொழிபெயர்ப்பாளர், நான்.

எங்கள் மூத்த வழக்கறிஞர், தள மேலாளர் அப்போது என்ன பதில் சொன்னார் என்று கேட்டார். சாட்சி சொன்னார்: "சார்கிட்ட ரெண்டு மாசம் டைம் வேணும்னு கேட்டேங்க. பார்த்துக்கலாம்னாரு."

திரையில் ஆங்கிலத்தில் வந்தது, "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதற்கான வாக்கியம். பொறுப்பேற்பு, வாக்குறுதி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் குறித்துக்கொள்வதை நான் பார்த்தேன். எங்கள் மூத்தவர் அடுத்த கேள்விக்குப் போகவிருந்தார். பார்த்துக்கலாம் என்பதை, கவலைப்படாதே என்ற பொருளிலும் சொல்வோம். இப்போது அந்தப் பேச்சை எடுக்காதே என்ற பொருளிலும் சொல்வோம். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பார்த்துக்கலாம் என்று சொல்லியனுப்பினால் வேறு இடம் பார்க்கத் தொடங்குவது நம் வழக்கம். மஞ்சள் ஒட்டுத்தாளில் இரண்டே வரிகள் எழுதி அவர் முன் தள்ளினேன்: மொழிபெயர்ப்பை ஆட்சேபியுங்கள், அந்தச் சொல்லுக்கு "பிறகு பார்ப்போம்" என்றும் பொருள் உண்டு, அதற்குப் பின் இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

சாட்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தலைவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சற்று யோசித்தார். இரண்டு பொருளும் உண்டு, சொல்பவரின் தொனியையும் இடத்தையும் பொறுத்தது, எழுத்தில் இருந்து மட்டும் சொல்ல இயலாது என்றார். தன் மொழிபெயர்ப்பைத் தற்காத்துக்கொள்ள அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஒரே சொல் ஒப்புதலாகவும் மறுப்பாகவும் இருக்க முடியுமா என்று தலைவர் கேட்டபோது, மறுப்பு என்று சொல்ல முடியாது ஐயா, மறுப்பைத் தவிர்க்கும் வழி என்றார். இந்த உரையாடலுக்கு ஆன பதினெட்டு நிமிடமும் எங்கள் கடிகாரத்தில் கழிக்கப்பட்டது.

சாட்சி திரும்பி வந்தார். பார்த்துக்கலாம் என்று சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, கொஞ்சமும் தயங்காமல், "ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பப் போய்க் கேட்டேங்க" என்றார். வாக்குறுதி கிடைத்திருந்தால் திரும்பப் போய்க் கேட்க வேண்டியதில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூத்தவர் சற்று நேரம் எதையும் கேட்காமல் இருந்தார். பிறகு சி-212 என்று எண்ணிட்ட ஆவணத்தைத் திரையில் போடச் சொன்னார். அதே வாரத்தின் வெள்ளிக்கிழமை அவர்களுடைய அலுவலகத்திலிருந்து எங்கள் தளத்துக்கு வந்த ஒரு பக்கக் கடிதம்; மூன்றாம் பத்தியில், கால நீட்டிப்புக் கோரிக்கை மீது உங்கள் பதிலை இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை நாள்வரிசையில் நான் சேர்த்தது ஓராண்டுக்கு முன்பு, அது எதற்கு உதவும் என்று தெரியாமலேயே.

தமிழ் தெரிந்ததால் வழக்கு ஜெயித்தது என்று நண்பர்கள் இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மஞ்சள் தாள் வழக்கில் ஒரு வாசலைத் திறந்திருக்கலாம், அவ்வளவே. யாருக்கும் வழக்கு நினைப்பே இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையில், எந்தக் கள்ளமும் இல்லாமல், தட்டச்சு செய்த ஒரு குமாஸ்தாவின் கடிதத்துக்கு நிகரான சாட்சி கிடையாது. வழக்கு வந்த பிறகு எழுதப்படும் வாக்குமூலங்களை வழக்கறிஞர்களாகிய நாங்கள் செதுக்குகிறோம்; எல்லாச் சாட்சிகளின் நடையும் ஒன்றுபோல் இருப்பதை நடுவர்கள் அறிவார்கள், அறிந்தே அதற்குத் தக்க எடையைத் தருகிறார்கள்.

என்னிடம் வரும் இளைய வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணையைப் பற்றியே கேட்கிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருக்கும் ஷரத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. விலை, வரி, உத்தரவாதம் எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் பேரம் பேசிக் களைத்தவர்கள், இரவு இரண்டு மணிக்கு, பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டுவது ஆர்பிட்ரேஷன் ஷரத்து. சீனாவின் இன்சிக்மாவுக்கும் பிரான்சின் அல்ஸ்டோம் குழும நிறுவனம் ஒன்றுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், சிங்கப்பூர் பன்னாட்டு ஆர்பிட்ரேஷன் மையத்தின் முன்பு, ஆனால் பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகப் பேரவையின் விதிகளின்படி விசாரணை என்று எழுதியிருந்தார்கள். ஒரு வீட்டு அடுப்பில் இன்னொரு வீட்டுக் கைப்பக்குவம். அது செல்லும் என்று 2009-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அதற்குப் பிறகு வந்த 2012 விதிகளில், எங்கள் விதிகளை எங்களைத் தவிர வேறு யாரும் நிர்வகிக்கக் கூடாது என்று பாரிஸ்காரர்கள் எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் சீட் எனப்படும் சட்ட இருக்கை. விசாரணை எந்த ஓட்டலில் நடந்தாலும் சரி, ஆர்பிட்ரேஷனுக்கு ஒரு நாட்டில் சட்டப்படியான இருக்கை உண்டு. தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் அந்நாட்டு நீதிமன்றத்துக்குத்தான். இது தெரியாமல், விமானக் கட்டணம் குறைவு என்று இடத்தைத் தேர்ந்தெடுத்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய வழக்கு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்பதல்ல. எதிராளியின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்பது. நியூயார்க் உடன்படிக்கையில் ஒரு நாடு சேர்ந்திருப்பது மட்டும் இந்தியாவில் போதாது. அந்நாட்டைத் தனியாக அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும் என்கிறது 44-ஆம் பிரிவு. சீனா 1987-லேயே உடன்படிக்கையில் சேர்ந்தது; ஹாங்காங்கையும் உள்ளடக்கி இந்திய அரசிதழ் அதை அறிவித்தது 2012 மார்ச்சில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அங்கே தீர்ப்பு வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இதைச் சொன்னால், தீர்ப்பு வந்த பிறகு பார்த்துக்கலாம் என்று பதில் சொன்ன கட்சிக்காரரும் எனக்கு உண்டு. அவரிடம் நான் சிரித்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியாது.

இத்துறை வேகமானது, மலிவானது என்ற பேச்சை இப்போது யாரும் நம்புவதில்லை. மூன்று நடுவர்கள், இரு தரப்பு வழக்கறிஞர் படை, தாமதத்துக்கு ஒரு நிபுணர், இழப்பீட்டுக்கு ஒரு நிபுணர், சுருக்கெழுத்தர், மொழிபெயர்ப்பாளர், அறை வாடகை என்று செலவு கூடிக்கொண்டே போகிறது. சிறு நிறுவனங்களால் தாங்க முடிவதில்லை. நடுவர்களாக வருவோரும் ஒரு சிறு வட்டம். அதே முகங்கள் ஒரு வழக்கில் நடுவராகவும் இன்னொன்றில் வழக்கறிஞராகவும் சுற்றி வருகின்றன. அந்த வட்டம் எத்தனை இடர் தரும் என்பதை 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில் எல்லோரும் படித்தோம். இந்தியச் சரக்கு ரயில் பாதைத் திட்டத்தின் ஒப்பந்தங்களிலிருந்து எழுந்த வழக்குகள். மூன்று நடுவர்களும் இந்தியாவின் ஓய்வுபெற்ற நீதிபதிகள். அவர்களுள் தலைவர் தொடர்புடைய வேறு இரு வழக்குகளிலும் தலைவர். அந்த நடுவர்கள் தந்த தீர்ப்பின் 451 பத்திகளில் குறைந்தது 212, அந்தப் பழைய தீர்ப்புகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. இந்த வழக்கில் யாரும் முன்வைக்காத வாதங்கள்கூட அவற்றில் இருந்தன. தீர்ப்பு ரத்தானது சரியே. தேதி தள்ளித் தள்ளி மாலை நேரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், என் சீனியர் காலத்து நீதிபதிகள் தங்கள் தீர்ப்பைத் தங்கள் கையால் எழுதினார்கள். அந்த ஒன்றுக்காக அந்த முன்னறைகளை நான் மதிக்கிறேன்.

மின்நிலைய வழக்கில் நாங்கள் காத்திருந்த தீர்ப்பு, விசாரணை முடிந்து பதினொரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மின்னஞ்சலில் வந்தது. எல்லோரும் செய்வதுபோல் நானும் கடைசிப் பக்கத்துக்குப் போய், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று முதலில் பார்த்தேன்: தாமத இழப்பீட்டில் பெரும்பகுதி எங்களுக்கு, செலவில் மூன்றில் இரண்டு பங்கு. பிறகு முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படித்தேன். வாய்மொழி ஒப்புதல் பற்றிய பகுதி மூன்றே பத்திகள். அவற்றில் இரண்டு சி-212 கடிதத்தைப் பற்றியவை. மீதிப் பத்தியில், சாட்சி உண்மையே பேசினார் என்று நடுவர் மன்றம் கருதுவதாக எழுதிவிட்டு, அவர் கேட்ட சொல்லை மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்துகளில் சாய்த்து அச்சிட்டு, அடிக்குறிப்பில் இரண்டு பொருளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள்.